பெரியண்ணா பலெர்மோ பார்த்த ஞாயிறு

ஆடையில்லாத பளிங்குச் சிலைகள் சூழ்ந்த பெரிய நீரூற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, தலையில் கைக்குட்டையை விரித்துப் போட்டபடி பெரியண்ணா நின்ற கோலம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்று. "பொம்பிளைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுற இடமோ இது? அவனைக் கேள்," என்றார், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. அவன் என்று அவர் சொன்ன ஆள் நான் கட்டிக்கொள்ள விரும்பியவர். இத்தாலியனில் மாற்றிக் கேட்க வேண்டியவள் நான்.

அம்மாவும் ஐயாவும் அப்போது யாழ்ப்பாணத்தில், போருக்குள் இருந்தார்கள். ஊர்ச் சேதிகள் ஜெர்மனியில் இருந்த பெரியண்ணாவிடம் போய், அவர் வடிகட்டித் தந்த பிறகுதான் எனக்கு வரும். என் கலியாணப் பொறுப்பும் அவரிடம்தான். நான் பலெர்மோவில் ஒரு சின்யோரா, இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். நான் விரும்பியவர் மொரிசியஸ் தமிழர். போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு உணவகத்தில் சமைத்தார். பல தலைமுறைக்கு முன் கப்பலேறிய குடும்பம். பெயரும் தைப்பூசக் காவடியும் அம்மா, அப்பா என்ற சொற்களும் மிஞ்சியிருந்தன. மற்றபடி தமிழ் போய்விட்டிருந்தது. நாங்கள் பேசிப் பழகியது இத்தாலியனில். "தமிழ் தெரியாத தமிழனை நான் எதுக்குள்ளை சேர்க்கிறது?" என்று தொலைபேசியில் சீறிய பெரியண்ணா, ஆளை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ரயிலேறி வந்துவிட்டார். அறைக்குள் இருத்தி விசாரித்தால் சண்டையில்தான் முடியும், பழைய நகரத்தை நடந்து காட்டுவோம் என்றார் மொரிசியஸ்காரர். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மேற்குப் பக்கத்து நகரவாசலில் தொடங்கினோம். அதற்குப் புது வாசல் என்று பெயர் என்றதுமே பெரியண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. "நானூறு வருசப் பழசுக்குப் புது வாசலோ?" வாசலின் முகப்பில் தலைப்பாகை கட்டிய நான்கு பெரிய உருவங்கள், போரில் பிடிபட்ட கைதிகள். இரண்டு பேர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், மற்ற இரண்டு பேருக்குக் கைகளே இல்லை. அதை அண்ணாந்து பார்த்தவர், "எங்களைப் போல ஆக்களைப் பிடிச்சு வாசலிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். இதைப் பாக்கவோ நான் வந்தனான்?" என்றார். பிறகு யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயன் கட்டியதையும் ஒல்லாந்தன் இடித்துக் கட்டியதையும் ஒரு பாட்டம் சொல்லி, முழுவதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். நான் சொல்லி முடித்தேன். ஒல்லாந்தன் எங்கள் தீவுக்கும் வந்தான், இருக்கப் பிடிக்காமல் போய்விட்டான் என்று மொரிசியஸ்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் விளக்கச் சொன்னார் பெரியண்ணா.

பேராலயத்தின் முன்னால், கோபுரங்களைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு அவர் மெல்லக் கேட்டார். "அவையள் என்ன ஆக்களெண்டு கேள்." எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான், சாதி. அதை இத்தாலியனில் எப்படிக் கேட்பது? சொல்லுக்குச் சொல் கேட்டேன். மொரிசியஸ்காரர் உண்மையாகவே யோசித்துவிட்டு, "அமைதியான ஆக்கள். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் கோபம் வரும்," என்றார். அப்படியே சொன்னேன். பெரியண்ணா என்னை முறைத்தார். "நான் கேட்டது அதில்லை எண்டு உனக்குத் தெரியும்." தெரியும். வெயில் மண்டையைப் பிளந்தது, தண்ணீர் தீர்ந்துவிட்டது, என் கலியாணத்துக்கு நானே தரகர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே நீரூற்றுக்கு வந்து சேர்ந்தோம். பலெர்மோக்காரரே அந்தச் சதுக்கத்துக்கு வெட்கச் சதுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் பெரியண்ணா சமாதானமாவார் என்று மொரிசியஸ்காரர் நினைத்தார். ஆகவில்லை. "வெட்கமெண்டு தெரிஞ்சுகொண்டோ கூட்டி வந்தவன்?" நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனி நான் ஒண்டும் மாத்திச் சொல்லமாட்டன். நீங்கள் ரெண்டு பேருமே கதையுங்கோ," என்றேன். அதையே இத்தாலியனிலும் சொன்னேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மொரிசியஸ்காரர் கடல் பக்கம் கையைக் காட்டினார். பெரியண்ணா விறைப்பாக நடந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. தனியே விடவும் மனமில்லாமல், எரிச்சலோடு பின்னால் போனேன்.

கடலோரத்துப் பழைய குடியிருப்பில் அந்த நாட்களில் பாதி வீடுகள் இடிபாடுதான். உலகப் போரில் குண்டு விழுந்தவை, ஐம்பது வருடமாகியும் எடுத்துக் கட்டாமல் கிடந்தன. கூரையில்லாத ஒரு மாளிகையின் நடுவில் அத்திமரம் வளர்ந்து நின்றது. பெரியண்ணா அதற்கு முன்னால் நின்றுவிட்டார். மொரிசியஸ்காரர் வானத்தைக் காட்டி, உள்ளங்கையை விமானம் போல ஓட்டி, கீழே இறக்கினார். பெரியண்ணா தலையாட்டினார். பிறகு பேசத் தொடங்கினார், தமிழில், தாழ்ந்த குரலில்.

"எங்கடை வீடும் இப்பிடித்தான் கிடக்கு. மாசியிலை விழுந்தது. கூரை முழுக்கப் போயிட்டுது. அம்மா அந்நேரம் கிணத்தடியிலை."

"அம்மா?" என்றார் மொரிசியஸ்காரர்.

"ஓம். அம்மாவுக்கு ஒண்டுமில்லை. ஐயாவுக்குத்தான் கால். இனி நடக்கமாட்டார்."

ஐயாவுக்குச் சின்னக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். நான் ஓடிப்போய் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ அழுவாய் எண்டுதான்," என்றார். "இவன் பேசாமல் கேட்டுக்கொண்டு நிண்டவன். வாயிலை வந்திட்டுது."

நான் அழுதேன். மொரிசியஸ்காரருக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. என்னைத் தொடப் பயந்து, பெரியண்ணாவின் தோளில் கை வைத்தார். பெரியண்ணா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

அடுத்த நாள் ரயில் நிலையத்தில், ஓம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. பெட்டியில் ஏறி நின்றுகொண்டு, "பிள்ளை, அவனுக்குத் தமிழ் படிப்பி. எனக்கு அவனோடை கன விசயம் கதைக்கக் கிடக்கு," என்றார்.

நான் படிப்பிக்கவில்லை, எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பெரியண்ணாவே ஞாயிறு தோறும் தொலைபேசி எடுத்துப் படிப்பித்தார். வினை எனக்குத்தான் வந்தது. பெரியண்ணாவின் தமிழ் முழுவதும் அதட்டல், பிறகு என் கணவரான மொரிசியஸ்காரருக்கு வாய்த்ததும் அதுவே. போன மாரிகாலத்தில் பெரியண்ணா காலமானார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தொலைபேசி அடிப்பதில்லை.

சென்ற கிழமை நாங்கள் இருவரும் அந்தப் பழைய தெருக்கள் வழியே நடந்தோம். இப்போது அங்கே வாகனம் விடுவதில்லை. இடிந்த மாளிகைகள் சில விடுதிகளாகிவிட்டன, பயணிகள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுக்கிறார்கள். எனக்கு முழங்கால் நோவு. முன்னால் போனவர் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உதிலை நிண்டு என்ன வேடிக்கை பாக்கிறாய்? கெதியா நட."

கட்டின பெண்சாதியைப் பெரியண்ணா மாதிரிப் பிள்ளை என்று கூப்பிடக் கூடாது என்று இத்தனை வருடமாகச் சொல்லிச் சலித்துவிட்டேன். அன்று சொல்லவில்லை.

"ஓம், வாறன்," என்றேன்.