பௌர்ணமியன்று பில் கவுண்டரில்

செங்கம் சாலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையில் இருந்தேன். பக்கத்துக் கவுண்டரில் இருந்த அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஒவ்வொரு பொருளையும் திருப்பித் தேதி பார்ப்பார். காலாவதியாகியிருந்தால் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அதனால் அவர் வரிசை நகரவே நகராது.

ஒரு பௌர்ணமி மதியம். கிரிவலத்துக்கு வந்தவர்கள் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டுமாகக் கடைக்குள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மெஷினில் பேப்பர் ரோல் சிக்கிக்கொண்டது. என் வரிசையில் நின்ற தடித்த ஆள் ஒருவர் எரிச்சலோடு அக்காவின் வரிசைக்குத் தாவினார். கையில் ஊறுகாய் பாட்டில்.

"இன்னாம்மா, தூங்கிக்கினே பில்லு போடுறியா?" என்று கத்தினார்.

"ஒவ்வொருத்தரா தாங்க போட முடியும். இருங்க," என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

"நல்லா கேளுங்க சார், ரொம்ப ஜாஸ்தி பண்றாங்க," என்று பின்னால் நின்ற ஒருவர் ஏற்றிவிட்டார். வரிசையே சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டில் பறந்தது. அக்காவின் புருவத்தைக் கிழித்து, தரையில் விழுந்து சிதறியது. புருவத்தில் பட்டபோதே மூடி தெறித்து வழிந்த மிளகாய் எண்ணெய் வெட்டுக்குள் இறங்க, அவர் அலறினார்.

ஏற்றிவிட்டாரே, அவர்தான் அந்த ஆளை முதலில் அடித்தார். அப்புறம் யார் அடிக்கவில்லை? கூடையால், செருப்பால், முழங்கையால் அடித்தார்கள். கீழே விழுந்தவரைக் கண்ணாடிச் சில்லுகள் மேல் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். உதடு கிழிந்து பல் தொங்கியது. அப்போதும் விடவில்லை.

அக்கா ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். அவர் முதுகிலும் அடி விழுந்தது.

"உடுங்கய்யா! செத்துடப் போறான்!"

அந்தக் குரலுக்குத்தான் கால்கள் விலகின.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் தையல் போட்டார்கள். கடை மேனேஜர் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "அவன நீயேதான காப்பாத்தின? கம்ப்ளைன்ட்லாம் எதுக்கு, உட்டுடும்மா."

"அவர அடிக்காதீங்கனு நான் சொன்னேன். என்னை அடிக்கும்போது யார்னா தடுத்தாங்களா சார்?"



அக்காவும் நானும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனோம். சாட்சியாக என் பெயரைக் கொடுத்தேன். ரத்தம் காய்ந்து விறைத்துப்போன கடை யூனிஃபார்ம் கோட்டை நான் கழற்றச் சொன்னதற்கு அக்கா மறுத்துவிட்டார்.

"போலீஸ்காரங்க பாக்கட்டும்," என்றார்.