பூட்ஸ் சத்தமும் எங்கள் காலேஜ் அணியும்

எங்கள் காலேஜைக் காலேஜ் என்று கேகாலையில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. ரப்பர் காட்டுக்கு நடுவே நீளமாக ஒரு தகரக் கொட்டகை, அதன் பின்னால் மழை பெய்தால் குளமாகிவிடும் ஒரு மைதானம், அவ்வளவுதான். சர்க்கார் நடத்தியதால் கட்டணம் குறைவு. அதனால் கடைக்காரர் பிள்ளைகளும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் என்னைப் போலத் தோட்டத்திலிருந்து தப்பித் தவறி வந்த ஒன்றிரண்டு பேரும் அங்கே சேர்ந்தோம். பெரிய பள்ளிக்கூடத்துக்காரர்கள் எங்களைத் "தகரக் காலேஜ்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்களுக்கும் ஓர் ஓட்ட அணி இருந்தது. அதில் ஒருவனிடமும் ஓடுகிற சப்பாத்து இல்லை.

அணித்தலைவன் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகன். வாயைத் திறந்தால் வசவுதான், ஆனால் எங்களுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பான். நான் ஒரு மைல் ஓட்டக்காரன்.

வருடத்துக்கு ஒருமுறை தோட்டங்களை நடத்திய தொரைமாரின் கிளப் மைதானத்தில் போட்டி நடக்கும். ஒரு மைல் ஓட்டத்தில் மட்டும் பள்ளிக்கூடப் பையன், போலீஸ்காரன், தொரை என்ற பேதமில்லை, யாரும் ஓடலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் முதல் தடவை ஓடிய வருடம், கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். மூச்சு நன்றாக இருந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் கெட்டித் தரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓரத்துக்குப் போய்விட்டன. எங்கள் தோட்டத்தில் பெரியதொரைக்கு அடுத்தவரான சின்னதொரை என்னைத் தாண்டிப் போனார்.

"என்னடா, ஏன்டா ஒதுங்கின? இவன் என்ன உன் மாமனாரா?" என்று தலைவன் என் பனியனைப் பிடித்து உலுக்கினான். கடைவீதியில் வளர்ந்தவனுக்கு இது புரியாது. எங்கள் தோட்டத்தில் பூட்ஸ் போடுகிறவர்கள் தொரைமார் மட்டும்தான். பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் பாதையை விட்டு ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். என் அப்பா கணக்கப்பிள்ளை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலியாட்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அவரும் அந்தச் சத்தத்துக்குக் குடையை மடக்கிக்கொண்டு கானுக்குள் இறங்குவார். நடக்கப் பழகும்போதே எங்களுக்கு ஒதுங்கவும் பழக்கிவிடுவார்கள்.

இதை நான் சொன்னபோது தலைவன் சிரிக்கவில்லை. அவனுடைய வாப்பாவின் கடையில் விலைபோகாமல் கிடந்த பெரிய பூட்ஸ் ஒரு ஜோடியை மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வருடம் முழுக்க எங்கள் அணிக்கு அதுதான் பயிற்சி. நான் முன்னால் ஓடுவேன். ஒருவன் மாற்றி ஒருவன் அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டு என் குதிகாலில் இடிக்கிற மாதிரி பின்னால் வருவான். அரநாயக்கப் பக்கத்துச் சிங்களப் பையனுக்குக் கால் சின்னது. பூட்ஸுக்குள் இலையைத் திணித்துக்கொண்டு, "துவபங், துவபங்!" ஓடுடா ஓடு என்று அவன் பாஷையிலேயே என்னை விரட்டுவான். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் மைதானத்து ஓரக் கானுக்குள் விழுந்து எழுந்தேன். ஒதுங்கினால் தலையில் ஒரு குட்டு. நாளாக ஆக, பின்னால் யானையே வந்தாலும் நேராக ஓடுவேன் என்றாகிவிட்டது.

அடுத்த போட்டிக்கு முந்தின நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சின்னதொரையும் ஓடுறாராம். பாத்து நடந்துக்க தம்பி. நாம இருக்கிறது அவுங்க வீடு, திங்கிறது அவுங்க சோறு."

"நீங்க வேலை செய்றீங்கப்பா. அது நம்ம சோறு," என்றேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் கடைசிச் சுற்றில் அதே சத்தம் பின்னால் வந்தது. ஓரத்துக்குப் போகச் சொல்லி உடம்பு இழுத்தது உண்மை. ஆனால் கால்கள் ஓட்டத் தடத்தை விட்டு விலகவில்லை. "சைட்! சைட்!" என்று சின்னதொரை கத்தினார். பக்கத்தில் அவ்வளவு பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது, சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு போலீஸ்காரர் முதலாவது, நான் இரண்டாவது, சின்னதொரை எனக்குப் பின்னால். தகரக் காலேஜ் அணி என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை பெரியதொரை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்னதொரைக்கு வழிவிடாத குற்றத்துக்கு நான் பங்களாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை.

"ஒரு சலாம்தானே. போட்டுட்டு வந்துரு," என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"எதுக்குப்பா? பந்தயத்துல ஓடுனதுக்கா? நான் போகமாட்டேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என்னால் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்று தெரியும். ஆனாலும் அந்தச் சலாமை நினைத்தாலே உடம்பு எரிந்தது. அப்பா என்னை வற்புறுத்தவில்லை. தனியாகப் பங்களாவுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

தலைவனின் வாப்பா கடையில் அப்பாவுக்கு ஒரு வேலையும் கடைக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறையும் கொடுத்தார். அணி முழுவதும் தோட்டத்துக்கு வந்து எங்கள் பெட்டி படுக்கைகளை மாட்டுவண்டியில் ஏற்றியது. அப்பா வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம்.

ஒடுக்கமான தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் போனபோது எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் ஹார்ன் அடித்தது. சின்னதொரைதான். வண்டிக்காரர் பதறிப்போய் மாட்டை ஓரத்துக்கு இழுத்தார். அப்பா கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நேரா ஓட்டுங்க," என்றார்.

"தொரைங்க..."

"தெரியும். நேரா ஓட்டுங்க."

தோட்டத்து எல்லை வரும்வரை அந்த ஹார்ன் ஓயவில்லை. அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.