முபிரு தானே தேடிக்கொண்ட தங்கை

மசாக்கா ஊரில் எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தைக் கட்டிக் காப்பவர் முபிரு. வயது நாற்பத்தொன்று. குழாய், பூட்டு, மின்சாரம் ஆகிய மூன்று துறைகளுக்கும் அவரே அமைச்சர். கல்யாணத் துறை மட்டும் காலியாகக் கிடந்தது.

காது கேளாத பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்ல எஸ்டோனியாவிலிருந்து வந்த மாரெட், இரண்டாம் மாடியில் குடியேறினாள். அந்த வீட்டுக் கதவை முழங்காலால் தூக்கிக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். எந்த நாள் என்பது தண்ணீரின் விருப்பம். இந்தச் சாஸ்திரங்களையெல்லாம் முபிருதான் கற்றுக்கொடுத்தார். ஒரு பிற்பகல் கொசுவலை கட்டினார். மறுநாள் கட்டியது சரியா என்று பார்க்கப் போனார். மூன்றாம் நாள், பார்த்தது சரியா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

கீழ்வீட்டில் நாலோங்கோ இருக்கிறார். இரட்டைப் பிள்ளை பெற்றதால் வந்த பட்டம் அது. இரட்டை நாக்கு பிறவியிலேயே வந்தது. முற்றத்தில் வாழைக்காய் சீவிக்கொண்டே கேட்டார்: “ஒரு குழாய்க்கு ஏழு தடவையா மாடி ஏறுவ? தண்ணி ஒழுகுதா, உனக்கு ஜொள்ளு ஒழுகுதா?”

தனக்காக அல்ல, அந்தப் பெண்ணின் பெயர் கெடுகிறதே என்று முபிருவுக்கு ரத்தம் கொதித்தது.

“வாயை அளந்து பேசுங்க அக்கா. அவ என் தங்கச்சி. இன்னியிலேர்ந்து அவ பேரு நபோசா.”

எங்களில் பெயரைச் சொன்னால் குலத்தைச் சொன்னதாக அர்த்தம். நபோசா என்றால் நுரையீரல் மீன் குலத்துப் பெண். முபிருவும் அதே குலம். ஒரே குலத்தில் பெண் எடுப்பது வானம் இடிந்தாலும் கிடையாது. நாலோங்கோ உடனே குலவையிட்டார். மூன்று மாடியும் சேர்ந்து குலவையிட்டது. வம்பு அன்றே செத்தது. கூடவே இன்னொன்றையும் கொன்றுவிட்டோம் என்று முபிருவுக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் மாரெட் அவர் பெயரையும் தன் பெயரையும் சைகை மொழியில் விரல்களால் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். பம்பு அறையில் தனியாக நின்று, அவர் அவள் பெயரை விரலால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளோ குலத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினாள். சந்தையில் மீன்காரி அந்த மீனை நீட்டியபோது, “அது எங்க குலம், நாங்க தொடமாட்டோம்” என்று எங்கள் மொழியிலேயே சொல்லிப் பின்வாங்கினாள். சந்தையே பாராட்டியது. பின்னால் கூடையோடு நின்ற முபிருவின் முகம் மட்டும் விளக்கெண்ணெய் குடித்த முகமாக இருந்தது.

எங்களில் கல்யாண விவகாரம் எல்லாம் அத்தை கையில். முபிரு தன் அத்தையிடம் போய், தவறிக் கொடுத்த குலப்பெயரை மாற்ற வழியுண்டா, ஒரு சிநேகிதன் கேட்கச் சொன்னான் என்றார்.

“அந்தச் சிநேகிதனுக்கு வயசு நாப்பத்தொண்ணா?” என்றாள் அத்தை. அவர் தரையைப் பார்த்தார். “குலம் என்ன வாடகை வீட்டுச் சாவியாடா, குடுத்துட்டுத் திரும்ப வாங்க? நீ வாய்க்கு வந்ததைச் சொன்ன. அவ நம்பி வாங்கிக்கிட்டா. இப்பப் போயி நான் உனக்கு அண்ணன் இல்லைன்னு சொன்னா, இந்த ஊர்ல அவளுக்கு யாரு இருக்கா?”



இரண்டாம் வருடம், அதே பள்ளியின் கணக்கு வாத்தியார் செசங்கா, யானைக் குலம், மாரெட்டைப் பெண் கேட்டார். மாப்பிள்ளை ஒரு சேவலைக் கொண்டுவந்து பெண்ணின் அண்ணனிடம் நீட்ட வேண்டும். அண்ணன் கைநீட்டி வாங்காதவரை கல்யாணம் இல்லை.

மாரெட் பம்பு அறைக்கே ஓடிவந்தாள். “அண்ணே, சேவலை நீங்கதான் வாங்கணும்.”

ஆக, வாழ்நாளில் முதல்முறையாக முபிருவின் கைக்கு ஓர் அதிகாரம் வந்தது. வாங்காமல் இருக்கலாம். ஒரு வாரம் அதைத் தீர ஆலோசித்தார்.

சேவல் கொடுக்கும் நாளன்று முற்றத்தில் முபிரு வெள்ளை அங்கி மடிப்புக் கலையாமல் நின்றார். செசங்கா சேவலை நீட்டினார். முபிருவின் கை எழவில்லை. கூட்டம் அடங்கியது. அத்தை இருமினாள். பாயில் மண்டியிட்டிருந்த மாரெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவு வாசிப்பதைக் கேட்கும் பிள்ளை மாதிரி.

முபிரு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குலவை மூன்று தெரு தாண்டிக் கேட்டது.

அந்தச் சேவலை அண்ணன் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டாக வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது. வீட்டில் வேறு யாருமில்லாததால் அவரே அறுத்து, அவரே சமைத்து, அவரே சாப்பிட உட்கார்ந்தார். நாலோங்கோ எட்டிப் பார்த்து, உப்பு போதுமா என்று கேட்டாராம்.

தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றாராம் முபிரு.