நாலாவது ஜெபக் குறிப்பு

பாஸ்டர். பாஸ்டரம்மா. தெருமுனையில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா. நான். கட்டிலில் என் வீட்டுக்காரர். விடியக்காலை ஐந்து மணி ஜெபத்துக்கு இந்த ஐந்து பேர்தான். மணமேல்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் அதற்கு மேல் இடமும் இல்லை.

அவருக்கு உணவுக்குழாயில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நண்டு உரிக்கும் கம்பெனியில் வேலை. ஆனாலும் தெரியும்.

நாற்பது நாள் உபவாச ஜெபம் வைக்கலாம் என்று பாஸ்டரம்மா சொன்னார். மத்தியானம் வரை சாப்பாடு இல்லை. நாள் தவறக் கூடாது. ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. கணக்குக்கு ஒரு டம்ளரில் நாற்பது புளியங்கொட்டை போட்டுக் கொடுத்தார். ஜெபம் முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்துப் பக்கத்து டம்ளரில் போட வேண்டும். டம்ளரில் அது விழும் சத்தத்துக்குக் கட்டிலில் அவர் கண்ணைத் திறப்பார்.

"இன்னைக்கு வருகை போட்டாச்சா?" என்பார். குரல் காற்றாகத்தான் வரும்.

"போட்டாச்சுங்க."

"கம்பெனியில கூட நீ இவ்வளவு சரியாப் போனதில்ல."

தையல்கார அக்கா சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

என்ன வேண்டும் என்பதைப் பொதுவாகக் கேட்காமல் எழுதிவைத்துக் கேளுங்கள் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். நோட்டுத் தாளில் எழுதினேன். ஒன்று, கட்டி கரைய வேண்டும். இரண்டு, கஞ்சி இறங்க வேண்டும். மூன்று, வலி அடங்க வேண்டும். தினமும் அதைச் சத்தமாக வாசிப்பேன். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் பாஸ்டர் வேறு ஒன்று சொன்னார். யார் மேலாவது மனத்தாங்கலை வைத்துக்கொண்டு செய்கிற ஜெபம் வீட்டுக் கூரையைத் தாண்டாது என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்தார்.

அவருக்கு ஓர் அக்கா. குளத்தூரில் இருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு நானும் அந்த அக்காவும்தான்.

அவர்கள் குடும்பம் மாதா கோயில் குடும்பம். நான் சபைக்குப் போக ஆரம்பித்து அவரையும் கூட்டிப் போனேன். மாமியார் கடைசிவரை மாறவில்லை. ஆறு வருசத்துக்கு முன் எங்கள் வீட்டில்தான் இறந்தார். நாத்தனார் வந்து, தன் தாயின் கையில் செபமாலையைச் சுற்றினார். நான் எல்லோருக்கும் முன்னால் அதை அவிழ்த்துக் கையில் கொடுத்தேன்.

"என் வீட்டுல இது வேணாம்," என்றேன்.

நாத்தனார் வாங்கிக்கொண்டார். மாலையைப் பையில் வைத்துக்கொண்டார். அடக்கம் முடிந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸேறினார். அதற்குப் பிறகு வரவில்லை. நான் செய்தது சரி என்றுதான் நினைத்திருந்தேன். வைராக்கியம் என்று சபையில் இரண்டொருவர் மெச்சவும் செய்தார்கள்.

அந்த ஒன்பதாம் நாள் பகலில் அவர் சொன்னார். "அக்காவக் கூப்பிடு."

"நீங்களே பேசுங்களேன்," என்று போனை நீட்டினேன்.

"போகச் சொன்னது நீ. வரச் சொல்றதும் நீதான்."

மறுநாள் காலையில் தாளில் நாலாவதாக ஒன்று எழுதினேன். நாத்தனார் மனம் மாற வேண்டும். அதையும் சத்தமாக வாசித்தேன். மூவரும் ஆமென் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை.

எல்லோரும் போனபின் கேட்டார். "ஆண்டவர்ட்டச் சொல்லி, அவரு அக்காட்டச் சொல்லி, அக்கா பஸ்ஸேறி. இதுக்கு நீயே நேரா அக்காட்டச் சொல்லலாம்ல? ஊரு குளத்தூருதான?"

"உபவாசம் முடியட்டுங்க. மனசு சரியில்லாமப் பேசுனா சண்டையாயிரும். ஜெபத்துக்குத் தடையாயிரும்."

"சரி," என்றார். அவர் எதற்கும் சரி என்பவர்.

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். நாற்பது முடியட்டும், நாத்தனார் மனம் மாறும், அவரே கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கூப்பிட்டால் நான் மன்னிப்பதாகவும் இருந்தேன்.

இருபதாம் நாளுக்கு மேல் கஞ்சியும் நின்றது. இளநீரைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். சட்டை தோளில் தொங்கியது. தையல்கார அக்கா இரண்டு சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொடுத்தது. ஒரு வாரத்தில் அதுவும் தொளதொளத்தது.

இருபத்தொன்பதாம் நாள். ஜெபம் முடிந்து கொட்டையைப் போட்டேன். கண் திறந்தார். வருகை பற்றிக் கேட்கவில்லை.

"அக்கா வருதா?"

"ஜெபத்துல வச்சிருக்கேங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைக்கவில்லை. வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று சன்னலைச் சாத்தினேன்.

பத்து மணிக்குத் துணி அலசிப்போட்டுவிட்டு வந்து பார்த்தேன். அதே பக்கம் திரும்பியே இருந்தார். தொட்டேன். முடிந்திருந்தது.

பாஸ்டருக்கு முன்னால் குளத்தூருக்குத்தான் போன் போட்டேன். நம்பரை ஆறு வருசமாக அழிக்காமல் வைத்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாந்தான் மதினி."

"சொல்லு."

"போயிட்டாரு."

அங்கே ஒரு பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வாரேன்," என்றார். அவ்வளவுதான். நாற்பது நாள் முடியட்டும் என்று தள்ளிவைத்த பேச்சு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

புதுக்கோட்டை வந்து, அறந்தாங்கி மாறி, மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. பையைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, என்னைப் பார்த்தார். அந்தக் கை வெளியே வரவில்லை.

நான் போய்ப் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தேன். அதே மரமணி மாலை. என் வீட்டுக்காரர் விரல்களில் நானே சுற்றினேன். எனக்குச் சுற்றத் தெரியவில்லை. மதினி என் கையைப் பிடித்துச் சரிசெய்தார். பாஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு வெளியே போய்ப் பந்தல்காரரிடம் நாற்காலி பற்றிப் பேசினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் இருவரும் அடுப்படியில் இருந்தோம்.

"அவருக்கு முடியலன்னு ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

"தெரியும். ஊர்க்காரவுக சொன்னாக."

"வந்திருக்கலாம்ல?"

"நீ கூப்பிடாம எப்புடி வாரது? எங்க கோயில்ல சாமியார்ட்டப் பூசைக்கு எழுதிக் குடுத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

"அவரு சொகமாகணும்னா?"

மதினி வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். "ஒம் மனசு மாறணும்னு."

நான் தாளை எடுத்துவந்து நாலாவது வரியைக் காட்டினேன். மதினி வாசித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"மேல இருந்து கேட்டவரு என்ன செய்வாரு பாவம்," என்றார். "ரெண்டு பக்கமும் இழுத்தா."

இரண்டு வருசம் ஆகிவிட்டது. இன்றும் ஐந்து மணிக்கு முழங்காலில் நிற்கிறேன். கேட்டது கிடைக்க எப்படி ஜெபிக்கணும் என்று சபையில் புதிதாக வரும் பெண்கள் சிலர் கேட்பார்கள். எனக்கு வசனம் அதிகம் தெரியாது. எழுதுங்கள் என்பேன். எழுதியதில் நீங்களே எழுந்துபோய்ச் செய்யக்கூடியது எது என்று பாருங்கள். அதை முதலில் செய்துவிட்டு வாருங்கள். மீதியை ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கட்டி ஏன் கரையவில்லை என்று எனக்குத் தெரியாது. அதை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாலாவது குறிப்புக்கு மட்டும் பதில் என் கையிலேயே, போனில், இருந்தது.

அன்று அடுப்படியில் மதினி அலமாரியைப் பார்த்தார். டம்ளர் இரண்டும் அங்கேதான் இருந்தன.

"இது என்ன புளியங்கொட்டை?"

சொன்னேன். கேட்டுவிட்டு முதல் டம்ளரை எடுத்து என் மடியில் கவிழ்த்தார்.

"இன்னும் எத்தன நாளு பாக்கி வச்சிருந்த?"

ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன்.

பதினொன்று.