இரண்டு பக்கமும் தோல் உள்ள கல்

என் மேசையின் இடது ஓரத்தில் ஒரு மரத்தட்டு இருக்கிறது. அதில் மூன்று கல்துண்டுகள், பூமிக்குள் இருந்த அதே வரிசையில், மேல்துண்டு, நடுத்துண்டு, அடித்துண்டு என்று படுத்திருக்கின்றன. பூமியைத் துளைக்கும் ரிக் இயந்திரத்தின் குழாய் பாறையை வெட்டி உள்ளே பிடித்து மேலே கொண்டுவரும் உருளைத் துண்டுகள் இவை. எங்கள் தொழிலில் ‘கோர்’ என்போம். காய்ந்திருக்கும்போது மூன்றும் ஒரே சாம்பல் நிறம். பார்க்க வருகிறவர்கள், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. சொல்லத் தொடங்கினால் நீளும். இப்போதெல்லாம் எதையும் நீளமாகச் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

சென்ற வாரம் ஒரு டெண்டருக்காக எங்கள் அலுவலகத்தின் குழு அறிமுகப் பக்கத்தைப் புதிதாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். வீடோ ஆஸ்பத்திரியோ பாலமோ கட்டுவதற்கு முன் அந்த இடத்தின் மண்ணைத் துளைத்துப் பார்த்து, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகவேண்டும், அந்த மண் எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்வது எங்கள் வேலை. ஆளுக்கு நான்கு வரி எழுதவேண்டும். படிப்பு, அனுபவம், தேர்ச்சி, செய்த பணிகள். நான்கு வரியில் யாரையும் தவறாகச் சொல்லிவிட முடியாது. யாரையும் சொல்லவும் முடியாது.

எங்கள் தலைமை ஆலோசகரை எல்லோரும் சார் என்றுதான் அழைப்போம். கல்லூரியில் மண்ணியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், கரும்பலகையில் வரைந்த மண்ணை நேரில் பார்க்கவேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். திருச்சியைச் சுற்றி எந்தத் தெருவில் எத்தனை அடியில் என்ன இருக்கும் என்பதை அவர் ஆட்டோவில் போகும்போதே சொல்லிக்கொண்டு வருவார். காவேரிப் பாலத்தைத் தாண்டினால் மணல். மதுரை ரோடு பக்கம் போனால் பாறை. நடுவில் எங்கே களிமண் ஒளிந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்தவர், ஜியாலஜி படித்த மேடம். ஸ்ரீரங்கத்துக்காரர். சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் தேடி அரியலூர் வெயிலில் பல வருடம் அலைந்துவிட்டு எங்களிடம் வந்தவர். வாய் கொஞ்சம் கூர்மை. ரிக்கை ஓட்டும் மேஸ்திரிக்குத் திருவெள்ளறை. விவசாயக் குடும்பம், சொந்தக் கிணற்றை ஆழப்படுத்தப் போய், அதுவே தொழிலாகிவிட்டது. நான் சிவில் படித்தவன். மற்றவர்கள் சொல்வதைச் சரிபார்த்து அறிக்கையாக எழுதுகிறவன்.

சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மண்ணோ கல்லோ வந்து சேர்ந்ததும் எல்லோரும் நீளமேசையைச் சுற்றி நிற்கவேண்டும். முதலில் கோர் மீது தண்ணீர் ஊற்றவேண்டும். காய்ந்த கல் எதையும் காட்டாது என்பார். பிறகு ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன என்று சொல்லவேண்டும். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் பேசவேண்டும். சார் கடைசியில்தான் பேசுவார். “நான் முதல்ல வாயைத் திறந்தா அப்புறம் உங்க எல்லாருக்கும் என் கண்ணுதான் இருக்கும்” என்பார். அந்த மேசையில் நிறையச் சண்டை நடந்திருக்கிறது. மேடம் ஒரு கல்லை முகர்ந்து பார்த்தபோது மேஸ்திரி, “மேடம், உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் அங்கேதான்.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு டாக்டர் தம்பதி ஆஸ்பத்திரி கட்ட மனை வாங்கியிருந்தார்கள். பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. நான்கு இடத்தில் துளைத்தோம். மூன்று துளைகளில் சந்தேகத்துக்கு இடமில்லாத பாறை, போகப்போக உறுதியாகிக்கொண்டே போனது. நான்காவது, மனையின் பின்மூலை. அங்கேயும் கல் தட்டியது. ஓர் ஆள் உயரத்துக்குக் கோர் எடுத்ததும் சார் போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். பக்கத்து மனையை முன்பு நாங்களேதான் பார்த்திருந்தோம். அங்கே அடிவரை பாறை. ரிக் அடுத்த வேலைக்காக லால்குடிக்குப் புறப்பட்டது.

அன்று மேடம் விடுப்பு. வீட்டில் ஏதோ விசேஷம். கோர்ப் பெட்டிகள் மாடியேறி வந்தபோது சாயங்காலம். பகல் முழுக்கக் கொள்ளிடக் கரையில் வேறொரு வேலையில் வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்த சார், நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் ஆய்வக உதவியாளர்கள் இரண்டு பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். தண்ணீர் எடுத்துவர அவர்களில் ஒருவர் திரும்பினார். சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே பெட்டியைப் பார்த்து, “பாறைதாம்ப்பா. வீட்டுக்குப் போலாம்” என்றார். தண்ணீருக்குப் போனவர் நின்றுவிட்டார். நனைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை என்றுதான் எல்லோருக்கும் பட்டது. சார் அப்போதே டாக்டருக்குப் போன் செய்து, தைரியமாகப் பூஜை போடலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது மேடம் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நான்காம் துளையின் பெட்டி மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சார் வந்ததும் மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சார், இந்தக் கல்லுக்கு ரெண்டு பக்கமும் தோல் இருக்கு.”

“தோலா?”

“பாருங்கோ. மேல் துண்டு பழுப்பு. சரி, மண்ணோட ஒட்டின இடம், தண்ணி ஊறி மக்கி அப்படித்தான் இருக்கும். நடுவில நல்ல நீலக்கல். அடியில திரும்பப் பழுப்பு. தரையோட இருக்கற பாறைன்னா கீழே போகப்போக நன்னாத்தானே ஆகணும்? அடியில எதுக்குத் தோல்?”

சார் குனிந்து பார்த்தார். நனைந்த கல்லில் அந்தப் பழுப்பு, பழச்சாறு பட்ட துணி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. அது பாறை இல்லை. மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் ஒரு பாறாங்கல். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதன் மேல்தான் ஆஸ்பத்திரியின் ஒரு மூலை நிற்கப்போகிறது.

“பக்கத்து மனையில நாமதானே பார்த்தோம்?” என்றார் சார். குரலில் கோபம் இல்லை. கேட்டுப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

“பக்கத்து மனை பக்கத்து மனைதான் சார்.”

நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் லால்குடியிலிருந்து மேஸ்திரி, “மேடம் கை வச்சா பாறைகூட மண்ணாயிடுதுங்க” என்றார். மேடம் சிரிக்கவில்லை. ‘அடிவரை உறுதியான பாறை’ என்று மூன்று வார்த்தை எழுதி அறிக்கையை அனுப்பிவிடலாம் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சார் கையெழுத்துப் போட்டால் இந்த ஊரில் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அந்தப் பெயர் அவ்வளவு வருட வெயிலில் சேர்த்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவருக்கு என்ன விலை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் டாக்டரை அழைத்துவிட்டார். எதிர்முனைக் குரல் எங்களுக்கே கேட்டது.

“நேத்து பாறைன்னீங்க. இன்னிக்கு மண்ணுங்கறீங்க. நாளைக்குத் தண்ணின்னு சொல்லுவீங்களா?”

“தண்ணி இருந்தா அதையும் சொல்லிடுவேங்க. பூஜையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க. தப்பு என்னுதுதான்.”

ரிக் திரும்பி வந்தது. அதே துளையில் இறக்கினார்கள். சார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று டாக்டரின் ஆள் நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் இயந்திரம் வழக்கம்போல அரைத்தது. பிறகு சத்தம் மாறியது. மேஸ்திரி கையை உயர்த்தி இன்ஜினைக் குறைத்தார்.

“சார், குழாய் தானா எறங்குதுங்க” என்றார்.

கல்லுக்கு அடியில் கொழகொழவென்று பழுப்புக் களிமண். மேஸ்திரி ஒரு பிடி எடுத்து நீட்டினார். வாங்கி, விரல்களுக்கு நடுவே பிசைந்துகொண்டே சார் வெகுநேரம் அங்கே நின்றார். அந்த மூலைக்கு மட்டும் ஆழமான அஸ்திவாரம் என்று அறிக்கை மாறியது. ஆஸ்பத்திரி எழும்பியது. இன்றும் அந்தப் பக்கம் போனால் சுவரில் ஒரு விரிசல் இருக்காது. டாக்டர் திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டு, சாருக்குச் சால்வை போட்டார். அதைப் போட்டுக்கொண்டு நின்ற சாரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பின்னும் மேசை வழக்கம் தொடர்ந்தது. தண்ணீர் ஊற்றினோம், வரிசையாகச் சொன்னோம். கடைசியில் சாரின் முறை வரும். கல்லைக் கையில் எடுப்பார், வைப்பார். “மேடம் சொன்னதுதான்” என்பார். முதல் இரண்டு முறை மேடத்துக்கு அது பாராட்டாகப் பட்டிருக்கலாம். பிறகு ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. “நான் சொன்னதையே சொல்றதுக்கு நீங்க எதுக்கு சார்? உங்களுக்கு என்ன தெரியறதுன்னு சொல்லுங்கோ!” என்று சத்தமே போட்டுவிட்டார். சார் சிரித்துவிட்டு, “எனக்கு இப்ப தெரிஞ்ச இடம் எதுன்னு தெரியலையேம்மா” என்றார். ஆட்டோவில் போகும்போதும் தெருவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வருவார். அந்த வருட மழைக்காலத்துக்கு முன்பே, முழங்கால் வலி என்று சொல்லி வேலையை விட்டுவிட்டார். அன்று அந்த மூன்று கல்துண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தவர் அவர்தான். தன் மேசையில் வைத்துக்கொள்ள அவருக்கு முடியவில்லை என்று புரிந்துகொண்டேன்.

இந்தக் குழுப் பக்கத்தில் ஆலோசகர் என்று சாரின் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்க, ஞாயிற்றுக்கிழமை மேடத்தையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். பாலத்தில் நெரிசல். என் மடியில் துணிப்பையில் கற்கள். எடுத்துவரச் சொன்னது மேடம்.

சாரின் மனைவி காபி கொடுத்தார். பெயர் விஷயத்தைச் சொன்னேன். “வேண்டாம், விடுங்க. கையெழுத்துப் போடறவங்க பேரு இருந்தாப் போதும்” என்றார் சார். இதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மேடம் பையிலிருந்து மூன்று துண்டுகளையும் எடுத்து டீப்பாய் மேல் வரிசையாக வைத்தார். சார் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்ளரிலிருந்த குடிதண்ணீரை மெதுவாக அவற்றின் மேல் ஊற்றினார். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி, “அய்யோ, கண்ணாடி மேலயா!” என்று துணி எடுக்க ஓடினார்.

“நீங்க சொல்லுங்க” என்று சார் என்னைப் பார்த்தார். எங்கள் மூவரில் கடைசியாகச் சேர்ந்தவன் நான். பாறாங்கல், இரண்டு பக்கமும் தோல் என்றேன். மேடமும் அதையே சொல்லிவிட்டு, கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தார். சார் மேல்துண்டை ஒரு கையிலும் அடித்துண்டை மறு கையிலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“மேல் தோல் மெல்லிசு. அடித் தோல் கனம். மழைத்தண்ணி மேலேருந்துதானே எறங்கும்? மேல்தான் கனமா ஊறியிருக்கணும்.” இரண்டையும் கையிலேயே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “இது அங்கேயே கிடந்த கல் இல்லை. பக்கத்துக் குன்றுலேருந்து எப்பவோ உருண்டு வந்து, தலைகீழா விழுந்திருக்கு.”

மேடம் எழுந்துபோய் அவர் கையிலிருந்து இரண்டு துண்டுகளையும் வாங்கிப் பார்த்தார். “நான் இதைப் பார்க்கலை சார்” என்றார். சார் துணியை வாங்கி டீப்பாயைத் தானே துடைத்தார்.

பெயருக்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பிவிட்டு, “அடுத்த தடவை வரும்போது வேற ஏதாவது கல் இருந்தா கொண்டுவாங்க” என்றார். குழுப் பக்கத்தை அவர் இல்லாமலே எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். துண்டுகள் மீண்டும் என் மேசைத் தட்டில், அதே வரிசையில். திரும்பி வரும் வழியிலேயே காய்ந்து, மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. இன்று காலை ஒரு தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தட்டின் பக்கத்தில் வைத்தேன். லால்குடியிலிருந்து புதுக் கோர்ப் பெட்டி மத்தியானம் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் ஒரு துண்டை ஒதுக்கி வைக்கவேண்டும்.