உயிரோடிருப்பவளின் பெயர்

என் மருமகனின் தாயாரை நான் நாலு வருடத்தில் பதினொரு தடவை சந்தித்திருக்கிறேன். பதினொரு தடவையும் அவர் என் தட்டைப் பார்த்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். பதினொரு தடவையும் நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்களுக்குள் பொருத்தம் இல்லாமல் போனதற்கு இது காரணமல்ல. ஆனால் தொடக்கம் இதுதான்.

அவர்கள் யூதர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக மொன்றியலில் இருக்கிறார்கள். என் மகள் அவர்களுடைய மகனைக் கட்டுவதற்கு முன் அவர்களுடைய மதத்தில் சேர்ந்தாள். பதினாலு மாதம் வகுப்புக்குப் போனாள். ஒரு தொட்டித் தண்ணீரில் மூன்று தரம் முங்கி எழுந்தாள். பிறகு ஒரு எபிரேயப் பெயரைத் தெரிவு செய்தாள். அவர்களுடைய வழக்கத்தில் அந்தப் பெயரோடு இன்னாரின் மகள் என்று தாய் தகப்பன் பெயரும் சேர்ந்து வரும். அந்தப் பத்திரத்தை எனக்கு வாசித்துக் காட்டு என்று கேட்டேன். தகப்பன் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. அவர்களுடைய குலத்தின் முதல் தகப்பனின் பெயர் இருந்தது. தாய் என்ற இடத்தில் அந்த முதல் தகப்பனின் மனைவி. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அப்படித்தானாம்.

"கியூபெக் காயிதத்தில உங்கட பேர்தானே என்ர கடைசிப் பேர். அது காணாதே அப்பா?" என்றாள் மகள்.

எனக்குக் காணும், போதும். இந்த மாகாணத்தில் கலியாணம் முடித்தாலும் பெண்ணின் பெயர் மாறாது. அவளுடைய சம்பளத்திலும் சாரதி அனுமதிப் பத்திரத்திலும் நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி எங்கே இருக்கிறாள்? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறாள். அதை யாரும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. எபிரேயப் பத்திரத்திலோ அந்தப் பெட்டியும் இல்லை. ஆகவே மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். பேத்திக்கு என் மனைவியின் பெயர்தான்.

பிள்ளை பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மகளின் வீட்டுக்கு லவாலுக்குப் போனேன். சம்பந்தியம்மா எனக்கு முன்பே வந்து வசதியான கதிரையில் இருந்தார். நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். என் மனைவியின் பெயருக்கு ஒளி என்று பொருள். அதே பொருளில் எபிரேயத்திலும் பெண்பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு என்று நூலகத்தில் பார்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொன்னேன்.

"கடவுளே, அவர் உயிரோடல்லவா இருக்கிறார்!" என்றார் சம்பந்தியம்மா. சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பி, தூ, தூ, தூ என்று மூன்று தரம் துப்புவது போலச் செய்தார்.

கண்ணூறு நாவூறுக்குத் துப்புவது எங்களிலும் உண்டு. ஆனாலும் என் மனைவியின் பெயரை நான் சொல்லி வாய் மூடுமுன் ஒருவர் துப்பினால் அதை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

மருமகன் குறுக்கே வந்தான். நல்ல பெடியன், தாயைக் கண்டால் மட்டும் முதுகெலும்பு இல்லாதவன். "மாமா, எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களின் பெயரைத்தான் வைப்போம். உயிரோடிருப்பவர் பெயரை வைத்தால், அவரை இடத்தைக் காலி பண்ணச் சொல்வது போல."

"உங்கள் மனைவி நூற்றிருபது வயதுவரை வாழட்டும்" என்றார் தாயார்.

எங்கள் சாதகத்திலும் ஒன்பது கிரகங்களின் திசைகளைக் கூட்டினால் நூற்றிருபதுதான் வரும். அது எனக்குத் தெரியும். என் மனைவிக்கு எழுபத்துநாலு. நூற்றிருபதுக்கு நாற்பத்தாறு குறைகிறது. அவளுடைய இதயம் நாலில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. ஒன்றரை வருடமாக சென்ட் லோரன்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுக்கையில் இருக்கிறாள். என் வீட்டிலிருந்து ஏழு பஸ் நிறுத்தம். இந்த விவரம் எல்லாம் அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நூற்றிருபது என்றார்.

"அப்ப ஆற்ற பேரை வைக்கப்போறியள்?" என்று மகளைக் கேட்டேன்.

"மாமியின்ர அம்மான்ர பேரை, அப்பா. ஒன்பது வருசத்துக்கு முந்திச் செத்துப்போனவ." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு கிழவர் இருக்கிறார். மொரோக்கோவிலிருந்து வந்த யூதர். என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பார். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அவரிடம் விசாரித்தேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"மெஸ்யே, என் பேரனுக்கு என் பெயர்தான். நான் நேரில் நின்று வைத்த பெயர். எனக்கு எண்பத்துமூன்று வயது. செத்தவன் மாதிரியா இருக்கிறேன்? அவர்கள் போலந்துக்காரர்கள், எல்லாவற்றுக்கும் பயம். மிளகாய்க்கும் பயம்."

இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? அன்றே சம்பந்தியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, உங்களிலேயே ஒரு பகுதியார் உயிரோடிருப்பவர் பெயரை வைக்கிறார்களே என்று கேட்டேன்.

"மொரோக்கோக்காரர்" என்றார் அவர். ஒரு சொல்தான். அந்தத் தொனியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்கள் அடுத்த ஊர்ச் சம்பந்தத்தைப் பற்றிக் கதைக்கும்போது இதே தொனிதான் வரும். அந்த ஒரு நிமிடம் மட்டும் அவர் எனக்கு அந்நியராகப் படவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

பெயர் வைக்கும் சடங்கை பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை, தங்கள் ஆலயத்தில் நடத்துவதாக இருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழித்து அன்றைக்குத்தான் பெயர். அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பதினோராம் நாள் இல்லத்து டொக்டர் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மனைவிக்கு இன்னும் மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் என்றார். நான் மகளுக்குச் சொன்னேன். மகள் புருஷனுக்குச் சொல்லியிருப்பாள். அவன் யாருக்குச் சொல்லியிருப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதினாலாம் நாள் மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, மாமி ஓம் எண்டிட்டா. அம்மான்ர பேரையே வைக்கலாமாம்."

"என்ன திடீரெண்டு?"

"அவவும் யோசிச்சவ. ஆனா இப்ப வேண்டாமாம். ஆம்பிளைப் பிள்ளையெண்டால் எட்டாம் நாள் செய்யத்தான் வேணும். பொம்பிளைப் பிள்ளைக்கு அவசரமில்லை. பேந்து ஆறுதலா ஏப்ரல் முதல் சனிக்கிழமை வைப்பம் எண்டுறா."

அந்தக் கிழவியை வென்றுவிட்டேன் என்று ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். பிறகு இல்லத்துக்குப் போக பஸ் ஏறினேன். இருக்கையில் இருந்ததும் அந்தச் சனிக்கிழமை பிள்ளைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்துநாலு. டொக்டர் சொன்னது பதினோராம் நாள். அதோடு ஒரு மாதத்தைக் கூட்டினால் நாற்பத்தொன்று. பதின்மூன்று நாள் மிச்சம் விட்டு வைத்திருந்தார்கள். செத்தவீட்டுச் சடங்குகளை முடிக்கவும் அது காணும்.

அப்போதே திரும்பி வந்து கத்தியிருக்க வேண்டும். நான் கத்தவில்லை. பதினைந்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதை எழுதாமல் மற்றவர்களை மட்டும் எழுதினால் இது பொய்க்கணக்காகிவிடும். எனக்குப் பெயர் வேண்டியிருந்தது. பெயர் கிடைக்கிற வழி எதுவென்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

மனைவிக்குச் சொன்னேன். "பேத்திக்கு உன்ர பேர்தான் வைக்கினம்."

அவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டால் அவளுக்கு மூச்சு வாங்கும். "எப்ப?"

"ஏப்ரலில."

"ஏன் இவ்வளவு பிந்தி?"

"மண்டபம் கிடைக்கேல்லை."

"ஒரு பேர் வைக்கிறதுக்கு மண்டபமோ? என்னப்பா இது" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் வீட்டில் காய்ச்சிக் கொண்டுபோன அரிசிக் கஞ்சியை ஊட்டினேன். வழமையாக இரண்டு கரண்டி, மூன்றாவதில் வாயை மூடிவிடுவாள். அன்றைக்கு மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று போனது. ஏழாவதில் உப்புக் காணாது என்று குறையும் சொன்னாள். படுக்கை விரிக்க வந்த ஹெய்ட்டிப் பணிப்பெண் இதைப் பார்த்துக் கைதட்டினாள்.

"மதாம் இன்றைக்கு ராணி மாதிரி இருக்கிறா! மெஸ்யே, பாருங்கள், மதாம் எங்கள் எல்லோரையும் விடக் கனகாலம் இருப்பா!"

அப்போது என் தலைக்குள் ஓடியது இதுதான்: இப்படியே போனால் ஐம்பத்துநாலைத் தாண்டிவிடுவாள். தாண்டினால் பெயர் போய்விடும். எனக்கு வந்தது சந்தோஷமில்லை, எரிச்சல். நாற்பத்தேழு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் ஏழு கரண்டி கஞ்சி குடித்தாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வாற சனிக்கிழமை பிள்ளைக்குப் பேரை வை."

"என்னப்பா சொல்லுறியள்? ஏப்ரலுக்கெல்லோ..."

"எதைப் பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்."

அவள் அழத் தொடங்கினாள். "நீங்கள்தானே அம்மான்ர பேர் வேணும் எண்டு நிண்டனீங்கள்! நான் நடுவில நிண்டு என்னத்தைச் செய்யிறது? ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, இண்டைக்கு எத்தினை நாள் எண்டு நானும் எண்ணுறன் அப்பா. உங்களுக்கு மட்டுமே எண்ணத் தெரியும்?"

"ஓம், நான்தான் கேட்டனான். இப்ப நான்தான் வேண்டாம் எண்டுறன். கொம்மா உயிரோட இருக்கேக்குள்ள வை. ஆற்ற பேரையெண்டாலும் வை."

"அப்ப அம்மான்ர பேர்?"

"அதைக் கொம்மா வைச்சிருக்கட்டும். அவவின்ர பேர்தானே."

மகளுக்குப் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா என்னவென்று அவளிடம் கேட்டு, தொலைபேசியை வாங்கினார். "நீங்கள் என்னைத் தவறாக நினைக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் நான் விட்டுக்கொடுத்தேன்."

"அந்தச் சனிக்கிழமையைத் தெரிவு செய்தது யார்?"

"நான்."

"எப்படித் தெரிவு செய்தீர்கள்?"

"மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது" என்றார்.

என் மனைவிக்கு நானும் இதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன். அதனால் அவரைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

முப்பத்துமூன்றாம் நாள், சனிக்கிழமை, அவர்களுடைய ஆலயத்தில் பெயர் வைத்தார்கள். வாசலில் ஒரு சின்னத் தொப்பி தந்தார்கள். என் மொட்டைத் தலையில் அது நாலு தரம் வழுக்கி விழுந்தது. மதகுரு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். நீண்ட சுருளை விரித்து வாசித்து முடித்த பிறகு பிள்ளையை முன்னே கொண்டுவரச் சொல்லி, பெயரைப் பாட்டாகப் பாடினார். பிள்ளையின் பெயர், அதோடு தகப்பன் பெயர், தாயின் புதுப்பெயர். எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. இதற்குத்தான் இவ்வளவு நாள் சண்டை. சம்பந்தியம்மா செத்துப்போன தன் தாயை நினைத்துச் சத்தமாக அழுதார். ஆட்கள் அவரைக் கட்டிப் பிடித்தார்கள். பிள்ளை முழு நேரமும் நித்திரை.

பிறகு அவர் என்னிடம் வந்து, "நன்றி" என்றார்.

"எனக்கு எதற்கு நன்றி? நான் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை" என்றேன். நாகரிகமாகச் சொல்லியிருக்கலாம். விரும்பவில்லை.

அங்கிருந்து நேரே இல்லத்துக்குப் போனேன். மனைவி விழித்திருந்தாள். பெயர் வைத்தாயிற்று என்று சொன்னேன். உன் பெயரில்லை, சம்பந்தியம்மாவின் தாயின் பெயர் என்றும், அவர்களுடைய வழக்கம் இன்னது என்றும் சொன்னேன். அந்த ஐம்பத்துநாலை மட்டும் சொல்லவில்லை.

அவள் யோசித்தாள். "செத்த ஆக்களின்ர பேரைத்தான் வைப்பினமோ?"

"ஓம்."

"அப்ப எனக்கென்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு, தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள்.

இதை எழுதும் இன்றைக்குப் பிள்ளைக்கு நூற்று அறுபத்தெட்டு நாள். இரண்டு பல் முளைத்திருக்கிறது. டொக்டர் இப்போது என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிடுவதில்லை. தாழ்வாரத்தில் கண்டாலும் காயிதத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். சம்பந்தியம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்து, என் மனைவி எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார். அன்பினால்தான் கேட்கிறா என்கிறாள் மகள். இருக்கலாம். அவர் ஆங்கிலத்தில் கேட்பார். நான் வேண்டுமென்றே தமிழில், கொஞ்சம் சத்தமாக, "இருக்கிறா" என்பேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. மறுமுனையில் அவரும் "இருக்கிறா" என்று திருப்பிச் சொல்கிறார், 'ற' சரியாக வராமல். நான் திருத்துவதில்லை. தொலைபேசியை வைத்துவிடுகிறேன்.