கோழிக்குஞ்சுகளுக்கு மேல் விரித்த தூளி

மீன் வாடை ஒரு நூலில் எத்தனை வருடம் தங்கும்? என் மகளோடு அந்தத் தூளி இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து யோசிக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

அது என் அப்பா பின்னிய தூளி. வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். அண்ணன் பிறந்தபோது, வலைக்கென்று வாங்கிய புது நூலில் கொஞ்சம் எடுத்து, வலை பின்னும் ஊசியாலேயே இதைப் பின்னினார். அதில் கடல் தண்ணீர் பட்டதில்லை. மீனும் பட்டதில்லை. அண்ணன், நான், தம்பி மூவரும் அதில்தான் வளர்ந்தோம்.

தம்பி கிடந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா கிழிந்த வலையைச் சரிசெய்ய உட்கார்ந்தால், ஒரு கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். இன்னொரு கால் விரலில் தூளியின் கயிறு. கை பின்னும், கால் ஆட்டும். உள்ளே விரித்த அம்மாவின் புடவை விலகிவிட்டால் தம்பியின் கன்னத்தில் கட்டம் கட்டமாக அச்சு விழும். ‘கட்டம் போட்ட மூஞ்சி’ என்று அம்மா அவனைக் கொஞ்சுவாள். அவன் வளர்ந்த பிறகும் நான் திருட்டுத்தனமாக ஏறி ஆடிக் கிழித்த இடத்தை அப்பா நீல நூலால் ஒட்டுப்போட்டிருந்தார்.

எங்களுடையது கல்லூரியில் பழகி, இரண்டு வீட்டையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து நடந்த கல்யாணம். கணவர் வீடு நன்னிலம் பக்கம். வயல், மாடு, கோழி என்று இருப்பவர்கள். பிரசவம் முடிந்து ஐந்தாம் மாதம் என்னையும் குழந்தையையும் கொண்டுவந்து விட்ட அப்பா, சீர் சாமான்களோடு தூளியையும் மடித்து எடுத்து வந்தார். அவர் இருக்கும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பஸ் ஏறிய பிறகு மாமியார் அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார்.

“வாடை அடிக்குதும்மா. பச்சப் புள்ளைய யாராவது வலையில போடுவாங்களா?”

அன்று மதியம் அந்த வீடே சாப்பிட்டது அப்பா ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த வஞ்சிரம். முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. மீனில் அடிக்காத வாடை, மீனையே பார்க்காத நூலில் எப்படி அடித்தது? கேள்வி வாய்வரை வந்தது. தூளியைத் துவைத்தேன். முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனைதான். ஆனாலும், கடலோர ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் மூக்குக்குத் தெரியுமா என்று ஒரு சந்தேகம். இப்படி என் மூக்கையே சந்தேகப்பட வைத்தார்களே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிடிவாதமாகக் கூடத்தில் மாட்டினேன். மகள் சுகமாகத் தூங்கினாள். ஒரு நாள் அவள் சுண்டுவிரல் வலைக்கண்ணில் மாட்டிச் சிவந்துவிட்டது. பயந்து, கைப்பேசியில் எதையெதையோ படித்து இன்னும் பயந்து, நானே கழற்றிவிட்டேன். கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று மடித்து அலமாரி மேல் வைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்றோ?

போன வாரம் மகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், கொல்லையில் நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, நடுவில் கோழிக்குஞ்சுகள். மேலே என் தூளி. அளவுக்கு மிஞ்சிய பக்கத்தை அரிவாளால் அறுத்திருந்தார் மாமியார். நீல ஒட்டுப்போட்ட துண்டு மண்ணில் கிடந்தது.

“இது பாப்பாவோட தூளிங்க அத்தை” என்றேன்.

“வலைதானம்மா, சும்மாதான கெடந்துச்சு. பருந்து வட்டம் போடுது. குஞ்சு போனா உங்கப்பாவா வந்து குடுப்பாரு?”

நான் தூளியை ஒரே இழுப்பாக உருவினேன். குஞ்சுகள் சிதறி ஓடின. சாயங்காலம் ஒன்று குறைந்தது. இப்போது தெருவில் சொல்லப்படும் கதை, கோபத்தில் மருமகள் ஒரு குஞ்சைப் பருந்துக்குக் கொடுத்தாள் என்பதுதான். அரிவாள் அந்தக் கதையில் இல்லை.

அம்மா தெரியாமல் செய்துவிட்டார், நல்ல ஸ்டீல் தொட்டிலாக வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எது தெரியாமல்? தன் பேத்தி அதில் தூங்கியதைத் தினமும் பார்த்தவர்தானே. என் கணவரைப் போட்டு வளர்த்த மரத்தொட்டில் இன்றும் உள்ளறையில் துணி போர்த்தியிருக்கிறது. அதில் நான் கோழி அடைத்தால், தெரியாமல் செய்தாள் என்று விடுவார்களா?

அடுத்த மாதம் மகளுக்குக் காதுகுத்து. அப்பா வருகிறார். இறால் கொண்டுவருவாரா என்று மாமியார் இப்போதே கேட்டுவிட்டார். நேற்று போனில் பேத்தி தூளியில் தூங்குகிறாளா என்று அப்பா விசாரித்தார். தூங்குறாப்பா என்று சொல்லிவிட்டேன்.

“கயிறு தளந்துச்சுன்னா சொல்லும்மா. வரும்போது கட்டித் தரேன்.”

அறுந்ததைக் காட்டினால் அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அறுத்தவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தலைகுனிந்து ஒட்டுப்போடுவார். அதை என்னால் பார்க்க முடியாது. ஒளித்து வைத்தால் நேற்றுச் சொன்ன பொய்யை அவர் முகத்துக்கு நேரே திரும்பச் சொல்ல வேண்டும். நடந்ததை மாமியாரே அப்பாவிடம் சொல்லட்டும் என்று தோன்றுகிறது. ஒரு மருமகள் அப்படிக் கேட்கலாமா? கேட்டால் காதுகுத்து நல்லபடியாக நடக்குமா? இதை வாசிப்பவர்களில் என்னைப் போல நின்றவர்கள் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அப்பா வருவதற்குள் எனக்கு எழுதுங்கள்.